கனவான்களே, நேரமாகிவிட்டது!

இரவு மணி பதினொன்று. கவுண்ட்டருக்குப் பின்னால் நிற்பவர் பித்தளை மணியைக் கணகணவென்று அடிக்கிறார். "கனவான்களே, நேரமாகிவிட்டது!" என்று உரக்கக் குரல் கொடுக்கிறார். பிரிட்டிஷ் 'பப்'களில் கடையை மூடும் வேளையில் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வந்த குரல் இது. இதைக் கேட்டதும் நம் பெண் நேயர்களுக்கு ஒரு சந்தேகம் எழாமல் இராது. கனவான்கள் சரி, சீமாட்டிகள் எங்கே?

நியாயமான சந்தேகந்தான். 'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். பொதுஜனங்களின் வீடு என்று அர்த்தம். அங்கே வெறும் குடிக்காக மட்டுமா போகிறார்கள்? ஊர் வம்பு பேச, பாட்டுப் பாட, மழைக்கு ஒதுங்க, கல்யாணத்தைக் கொண்டாட, சாவு வீட்டிலிருந்து திரும்பித் துக்கத்தை ஆற்றிக் கொள்ள, எல்லாவற்றுக்கும் அதுதான் இடம். ஆனால் 'பொதுஜனம்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்பதில்தான் வெகுகாலம் தகராறு இருந்து வந்தது.

பிரிட்டனில் பேர்போன முரட்டு பப்கள் பல உண்டு. கொள்ளைக்காரன் குடித்தது, கொலை விழுந்தது, பேய் உலாவுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்தல புராணம் இருக்கிறது. அவற்றையெல்லாம் ஆண்பிள்ளைகளின் பிரதாபங்களாகவே சொல்வது வழக்கம். ஆனால் கதையைச் சற்றுக் கிளறிப் பாருங்கள். பல இடங்களில் உள்ளே ஒரு பெண் நின்றுகொண்டிருப்பாள். வாருங்கள், வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். கையில் ஒரு காப்பித் தம்ளர் இருந்தால் போதும்!

சம்பள நாள்

புறப்படுவதற்கு முன் கொஞ்சம் பழங்கதை. 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் ஏழைகளை 'ஜின்' என்ற மலிவுச் சாராயம் பிடித்து ஆட்டியது. 1751-ல் ஹோகார்த் என்ற ஓவியர் 'ஜின் சந்து' என்று ஒரு சித்திரம் வெளியிட்டார். குடிமயக்கத்தில் கிடக்கும் தாயின் கையிலிருந்து அவள் குழந்தை தலைகீழாகக் கீழே விழுகிறது. பார்த்தவர்கள் பதறினார்கள். அதே ஆண்டில் ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. பிறகு 1830-ல், 'ஜின்னைவிட பீர் மேல்' என்று நினைத்த சர்க்கார், வரி கட்டும் வீட்டுக்காரர் எவரும் இரண்டு கினி கட்டி பீர்க்கடை திறக்கலாம் என்று அனுமதித்தது. கேட்க வேண்டுமா? வீட்டின் முன்னறையெல்லாம் கடையாகிவிட்டது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தொழிலாளிகளுக்கு வாரச் சம்பளத்தையே பப்பில் வைத்துப் பட்டுவாடா செய்து வந்தார்கள்! கையில் விழுந்த காசு வீடு வந்து சேருமா? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் காத்து நிற்கும் மனைவிக்கு மீந்ததுதான் மிச்சம். சுரங்கத் தொழிலாளிகளுக்கு இப்படிச் சம்பளம் கொடுப்பதை 1842-ல் தடை செய்தார்கள். மற்றத் தொழிலாளிகள் 1883 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இரண்டுக்கும் நடுவே 41 வருஷம்! அந்த 41 வருஷமும் எத்தனை அடுப்புகள் எரியாமல் கிடந்தனவோ, அதை எந்தப் புராணமும் சொல்வதில்லை.

பெண்கள் பப்புக்குள் போகவேயில்லையா என்றால், போனார்கள். 'ஸ்நக்' என்ற சின்னத் தடுப்பறை பல கடைகளில் இருந்தது. பிறர் கண்ணில் படாமல் ஒரு பெண் அங்கே உட்கார்ந்துவிட்டுப் போகலாம். லண்டன் மெய்டாவேல் பகுதியில் 'பிரின்ஸ் ஆல்ஃபிரட்' என்ற பப்பில் இந்தத் தடுப்புகளை இன்றும் பார்க்கலாம். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போகும் கதவுகள், குனிந்து நுழைய வேண்டிய அளவுக்குக் குட்டையானவை. கவுண்ட்டரின் மேல் சித்திர வேலை செய்த சிறு கண்ணாடி ஜன்னல்கள். அவற்றை மூடிக் கொண்டால், ஊற்றிக் கொடுப்பவருக்கே குடிப்பவர் முகம் தெரியாது!

ஒரே வாசல், இரண்டு கதை

இனி லண்டனின் கிழக்குப் பக்கம் போவோம். தேம்ஸ் நதிக்கரையில், வாப்பிங் என்ற இடத்தில், 'பிராஸ்பெக்ட் ஆஃப் விட்பி' என்ற பப் இருக்கிறது. 1520-லிருந்தே இருப்பதாகப் பெருமை பேசிக் கொள்ளும் கடை. கடத்தல்காரர்களும் திருடர்களும் கூடியதால் ஒரு காலத்தில் இதற்குப் 'பிசாசு விடுதி' என்றே பெயர். பின்புறம் நதியோரத்தில் ஒரு தூக்குக் கயிறு தொங்குகிறது. பயப்படாதீர்கள், வேடிக்கைக்காகத்தான். ஆனால் அந்தக் கரையோரமாகத்தான் கடற்கொள்ளைக்காரர்களை நிஜமாகவே தூக்கில் போட்டார்கள். பேர்பெற்ற காப்டன் கிட் 1701-ல் அங்கேதான் மாண்டான்.

அங்கிருந்து வடக்கே சிறிது தூரத்தில் வொயிட் சாப்பல். அங்கே 'பிளைண்ட் பெக்கர்', அதாவது 'குருட்டுப் பிச்சைக்காரன்' என்ற பப். 1966-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் தேதி மாலை, கிழக்கு லண்டனையே கிடுகிடுக்க வைத்த கிரே சகோதரர்களில் ஒருவனான ரானி கிரே, இந்தக் கடைக்குள் நிதானமாக நடந்து வந்தான். எதிரிக் கும்பலைச் சேர்ந்த ஜார்ஜ் கார்னெல் அங்கே உட்கார்ந்திருந்தான். அத்தனை பேர் முன்னிலையில் அவனை நெற்றியில் சுட்டுவிட்டு, வந்த மாதிரியே வெளியே போனான். போலீசார் வந்து விசாரித்தபோது, யாரும் எதையும் பார்க்கவில்லை!

பார்த்தவர்களில் ஒருத்தி, அன்று கவுண்ட்டரில் வேலை செய்த பெண். அவளும் முதலில் அடையாளம் காட்டவில்லை. எப்படிக் காட்டுவாள்? ஆட்கள் வெளியே உலாவிக் கொண்டிருக்கிறார்களே! ஆனால் 1968-ல் கிரே சகோதரர்கள் கைதானதும், அவள் கோர்ட்டில் ஏறி நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவளைத் 'திருமதி எக்ஸ்' என்றே பத்திரிகைகள் குறிப்பிட்டன. 1969-ல் ரானி கிரேக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இன்றும் அந்தக் கடைக்கு வருகிற உல்லாசப் பிரயாணிகள், ரானி எங்கே நின்றான், குண்டு எங்கே பாய்ந்தது என்றுதான் கேட்கிறார்கள். திருமதி எக்ஸ் எங்கே நின்றாள் என்று யார் கேட்கிறார்கள்?

இதே இடத்தில் இருந்த பழைய கட்டடத்தின் வாசலில்தான், 1865-ல், வில்லியம் பூத் என்ற பாதிரியார் தெருவில் நின்று பிரசங்கம் செய்தார். அந்தப் பணிதான் பின்னால் 'ரட்சணிய சேனை'யாக வளர்ந்தது. அவர் மனைவி காதரீன் பூத்தும் மேடையேறிப் பிரசங்கம் செய்தவர். பெண்கள் உபதேசம் செய்யலாமா என்று பலர் முகம் சுளித்த காலம் அது!

பெயரை மாற்று!

அடுத்த நிறுத்தம் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ். அங்கே 'டென் பெல்ஸ்' என்ற பப். 1888-ல் இந்த வட்டாரத்தில் ஏழைப் பெண்களை ஒருவர் பின் ஒருவராக ஒரு பாதகன் கொன்றான். கடைசி வரை அகப்படவில்லை. 'ஜாக் தி ரிப்பர்' என்று பத்திரிகைகள் பெயர் சூட்டிப் பிரபலமாக்கிவிட்டன. இறந்த பெண்களில் இரண்டொருவர் இந்தக் கடைக்கு வந்து போனவர்கள் என்று சொல்வார்கள்.

1976-ல் ஒரு விபரீதம் நடந்தது. வியாபாரம் பெருக வேண்டுமென்று கடையின் பெயரையே 'ஜாக் தி ரிப்பர்' என்று மாற்றிவிட்டார்கள்! பெண்களை அறுத்துக் கொன்றவன் பெயரில் ஒரு கடை. உள்ளே அந்தக் கொலைகளைப் பற்றிய காட்சிப் பொருள்கள். அந்த நாட்டுப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 'இரவு எங்களுக்கும் சொந்தம்' என்று தெருவில் இறங்கிப் போராடியவர்கள் இந்தப் பெயர்ப் பலகையையும் விடவில்லை. 1988-ல், அந்தக் கொலைகள் நடந்து சரியாக நூறாவது ஆண்டில், பழைய பெயரே திரும்பி வந்தது.

கொலைகாரன் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. மாண்டவர்களின் பெயர்களையும் ஒரு முறை சொல்லி வைப்போமே: மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்டிரைட், காதரீன் எட்டோஸ், மேரி ஜேன் கெல்லி.

தூக்குப் போட்டவர் நடத்திய பப்

லண்டனின் வடக்கே, பச்சைப் பசேலென்ற ஹாம்ஸ்டெட் பகுதியில், 'மாக்டலா' என்ற பப். முரட்டுக் கடையல்ல, சாதுவான இடந்தான். ஆனால் 1955-ல் ஈஸ்டர் ஞாயிறு இரவு, ஏப்ரல் 10-ஆம் தேதி, அதன் வாசலில் ரூத் எல்லிஸ் என்ற 28 வயதுப் பெண் காத்து நின்றாள். அவளுடைய காதலன் டேவிட் பிளேக்லி கடையிலிருந்து வெளியே வந்ததும் சுட்டுக் கொன்றாள். அவன் அவளை அடிப்பவன். சில வாரங்களுக்கு முன் அவன் அடித்ததில் அவளுக்குக் கரு கலைந்திருந்தது. இதெல்லாம் தண்டனையைக் குறைக்கும் காரணங்களாகக் கருதப்படவில்லை. விசாரணை இரண்டே நாளில் முடிந்தது. கருணை காட்டும்படி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு வேண்டியும் பயனில்லை. ஜூலை 13-ஆம் தேதி அவள் தூக்கிலிடப்பட்டாள். பிரிட்டனில் தூக்கிலிடப்பட்ட கடைசிப் பெண் அவள்தான்.

அவளைத் தூக்கிலிட்டவர் ஆல்பர்ட் பியர்பாயிண்ட். அவருடைய சொந்தத் தொழில் என்ன தெரியுமோ? பப் நடத்துவது! தூக்குப் போடுவது அழைத்தபோது மட்டும் போய்வரும் வேலை. ஓல்டாம் நகருக்கு அருகே அவர் நடத்திய பப்பின் பெயர், 'திண்டாடும் ஏழைக்கு உதவு' என்று பொருள்படும். அந்தக் கடைக்கு வழக்கமாக வந்தவர்களில் ஜேம்ஸ் கார்பிட் ஒருவன். இருவரும் ஒருவரையொருவர் 'டிஷ்', 'டாஷ்' என்று கூப்பிட்டுக் கொண்டு சேர்ந்து பாட்டுப் பாடுவார்கள். பொறாமையில் தன் காதலியைக் கொன்றுவிட்டு அந்தக் கார்பிட் சிறைக்குப் போனான். 1950 நவம்பரில் அவனைத் தூக்கில் போடவேண்டிய பொறுப்பு பியர்பாயிண்டின் தலையிலேயே விழுந்தது.

பியர்பாயிண்ட் 1974-ல் சுயசரிதை எழுதினார். மரண தண்டனையால் பழி தீர்க்கத்தான் முடிந்ததே தவிர, வேறு பயன் எதையும் தாம் காணவில்லை என்று அதில் ஒப்புக் கொண்டார். தூக்கு மேடைக்குப் போகும் மனிதனைத் தடுக்க அந்தத் தண்டனை பயன்பட்டிருந்தால், தினமும் தம் பக்கத்தில் நின்று பாடிய கார்பிட்டையல்லவா முதலில் தடுத்திருக்க வேண்டும்! ரூத் எல்லிஸின் வழக்கு நாட்டு மக்களின் மனச்சாட்சியை உறுத்திக் கொண்டே இருந்தது. 1957-ல், கொலை செய்தவரின் மனநிலையையும் கணக்கில் எடுக்கும்படி சட்டம் திருந்தியது. 1965-ல் கொலைக்கு மரண தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு, 1969-ல் நிரந்தரமாகவே ஒழிந்தது.

நின்று கேட்ட இரண்டு பெண்கள்

மீண்டும் லண்டன் நகர மத்தியில் ஃபிளீட் தெருவுக்கு வாருங்கள். பெரிய பத்திரிகைக் காரியாலயங்கள் வரிசையாக இருந்த தெரு இது. அங்கே 'எல் வீனோ' என்ற மது அருந்தும் கூடம். சட்டமேதைகளும் பத்திரிகைக்காரர்களும் கவுண்ட்டரைச் சுற்றி நின்று வம்பளப்பார்கள். பெண்கள் மட்டும் அங்கே நிற்கக் கூடாது! பின்னறைக்குப் போய் மேஜையில் உட்கார வேண்டும். கேட்டது அங்கே வரும். 'சீமாட்டிகளுக்கு நாங்கள் செய்யும் மரியாதை' என்பது கடையின் வாதம்.

டெஸ் கில் என்ற வக்கீலும் ஆன்னா கூட் என்ற பத்திரிகையாளரும் இந்த மரியாதையை ஏற்கவில்லை. கவுண்ட்டரில் நின்று கேட்டார்கள். கொடுக்க மறுக்கவே வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் தோற்றார்கள். விடாமல் அப்பீல் செய்தார்கள். 1982 நவம்பரில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. பத்திரிகைக்காரர்கள் கூடி நின்று பேசும் இடத்தில்தான் செய்தியே பிறக்கிறது. அங்கே நிற்கவிடாமல் ஒருத்தியை உள்ளே அனுப்பினால் அவளுக்கு அது நஷ்டமல்லவா? 'நாற்காலி கொடுத்தோமே' என்று சொல்லி உரிமையைப் பறித்துக் கொள்வது நமக்கும் புரியாத சமாசாரம் அல்ல.

நீலக் கதவும் தந்தூரியும்

பெண்களுக்கு மட்டுமா இந்தக் கதி? லண்டனிலிருந்து ரயிலேறி பர்மிங்ஹாம் பக்கம் போவோம். அதையொட்டி ஸ்மெத்விக் என்ற தொழில் நகரம். இரும்பு வார்ப்படத் தொழிற்சாலைகளில் வேலை செய்யப் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் அங்கே ஏராளம். பகலெல்லாம் கொதிக்கும் உலைமுன் வேலை. மாலையில் பப்புக்குப் போனால், "இந்த அறையில் உங்களுக்கு இடமில்லை" என்ற பதில். அவதார் சிங் ஜௌல் என்ற தொழிலாளர் தலைவர், மாணவர்களைக் கடை கடையாக அழைத்துச் சென்று இந்த நிறபேதத்தை வெளிச்சம் போட்டுக் காட்டினார். 1965 பிப்ரவரி 12-ல் அமெரிக்க நீக்ரோக்களின் தலைவரான மால்கம் எக்ஸ் இந்த ஊருக்கு வந்தார். 'புளூ கேட்ஸ்' என்ற பப்பில் அவருக்கே ஓர் அறையில் பானம் தர மறுத்துவிட்டார்கள்! ஒன்பது நாள் கழித்து அவர் அமெரிக்காவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு இறுதிக்குள், பொது இடங்களில் நிறபேதம் காட்டுவது சட்டவிரோதம் என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் செய்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 'உள்ளே வராதே' என்றவர்களின் கடைகள் நொடித்து விலைக்கு வந்தன. வெளியே நிறுத்தப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அவற்றை வாங்கி நடத்தத் தொடங்கினார்கள். இன்று அந்த வட்டாரத்தில் 'தேசி பப்' என்றால் தனி மவுசு. பீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தந்தூரி அடுப்பு. சுடச்சுடப் புகை பறக்கும் 'மிக்ஸ்ட் கிரில்' தட்டு. பாட்டி முதல் பேரன் வரை குடும்பம் குடும்பமாக வந்து சாப்பிடுகிறார்கள். வெள்ளைக்காரர்களும் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, காரம் தாங்காமல் கண்ணைத் துடைத்தபடியே இன்னும் கொஞ்சம் கேட்கிறார்கள்!

பனியில் மூன்று இரவு

இனி வடக்கே போவோம். வழியில் லிவர்பூலில் 'ஃபில்ஹார்மானிக்' பப்பை எட்டிப் பார்க்காமல் போகக் கூடாது. வண்ணக் கண்ணாடியும் மர வேலைப்பாடுமாக அரண்மனை போன்ற கட்டடம். 2020-ல் சர்க்கார் இதை முதல் தரப் புராதனச் சின்னமாக உயர்த்தியது. ஆனால் எல்லோரும் பார்க்க ஆசைப்படுவது எதைத் தெரியுமோ? ஆண்களின் கழிப்பறையை! சலவைக்கல் போலப் பளபளக்கும் அந்த வேலைப்பாட்டைப் பார்க்க, சீமாட்டிகள் தயங்கித் தயங்கி அனுமதி கேட்டு எட்டிப் பார்க்கிறார்கள். பொதுஜன வீட்டில் இப்படியும் ஒரு சமத்துவம்!

யார்க்ஷயர் மலைப்புறத்தில், 1,732 அடி உயரத்தில், 'டான் ஹில்' விடுதி. பிரிட்டனிலேயே மிக உயரமான பப். சுற்றிலும் நிலக்கரி வெட்டிய காலத்தில் சுரங்கக்காரர்கள் வந்து குளிர் காய்ந்த இடம். இப்போது கண்ணுக்கெட்டிய வரை வெட்ட வெளி, பனிக்காற்று. 2021 நவம்பர் 26-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு, அங்கே பாட்டுக் கச்சேரி கேட்கக் கூட்டம் வந்திருந்தது. 'ஆர்வென்' புயல் அடித்தது. விடிந்து பார்த்தால் பாதையைக் காணோம்! 61 பேர் மூன்று இரவுகள் அங்கேயே மாட்டிக் கொண்டார்கள். பாட வந்த வாத்தியக் குழுவினர் உட்பட. தரையில் மெத்தை விரித்துப் படுத்தார்கள். பகலில் வினாடி வினா, பாட்டு, சினிமா. விடுதியை நிர்வகித்தவர் ஒரு பெண்மணி. அவரும் அவருடைய ஆட்களும் அத்தனை பேருக்கும் மூன்று வேளையும் சமைத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை பாதை திறந்தபோது, முன்பின் தெரியாதவர்களாக வந்தவர்கள் கட்டித் தழுவி விடைபெற்றார்கள்.

கடைசியாக ஸ்காட்லாந்து. நாய்டார்ட் தீபகற்பத்தில் இன்வரி என்ற சிற்றூர். வெளியுலகத்திலிருந்து அங்கே போகச் சாலையே கிடையாது. படகில் போகவேண்டும்; அல்லது மலைவழியே பதினேழு, பதினெட்டு மைல் நடக்கவேண்டும். அங்கே 'ஓல்டு ஃபோர்ஜ்' என்று ஒரே ஒரு பப். அது விலைக்கு வந்தபோது, நூற்றுச் சொச்சம் பேர் வாழும் அந்த ஊர் ஜனங்களே ஒன்று கூடிப் பணம் திரட்டி, 2022-ல் வாங்கிவிட்டார்கள். பிரிட்டனில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் பப்கள் மூடப்படுகின்றன. அப்படியிருக்க இவர்கள் ஏன் வாங்கினார்கள்? குடிக்கவா? குடியை வீட்டிலேயே வைத்துக் குடிக்கலாமே! கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான். பொதுஜனங்களின் வீடு என்ற பெயர் அங்கேதான் முழு உண்மையாகிறது. ஆணும் பெண்ணுமாக ஊரே அதற்குச் சொந்தக்காரர்.

நேயர்களில் சிலருக்குப் பிள்ளையோ பெண்ணோ லண்டனில் இருக்கலாம். ஒரு நாள் நீங்களும் போக நேரலாம். அப்போது தைரியமாக ஒரு பப்புக்குள் நுழைந்து பாருங்கள். மது வேண்டாமென்றால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். எலுமிச்சைப் பானம் உண்டு; பல இடங்களில் காப்பியும் டீயும்கூடக் கிடைக்கும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். மேஜையில் உட்கார்ந்து, யாராவது வந்து 'என்ன வேண்டும்?' என்று கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். அநேக பப்களில் அப்படி வழக்கமில்லை. நேரே கவுண்ட்டருக்குப் போய், நிமிர்ந்து நின்று, வேண்டியதைக் கேளுங்கள். அந்த இடத்தில் நிற்கும் உரிமைக்காகத்தான் இரண்டு பெண்கள் கோர்ட்டுப் படி ஏறினார்கள்.